ஐம்பத்தெட்டு வரை எண்ணினேன்

அருண்,

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். கல்யாண மண்டபத்துக்காரர் தேதியை மாற்றவில்லை, சமையல்காரரும் முருங்கைக்காய் சாம்பாருக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். தினமும் போனில் பேசுகிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நான் பாதியில் பேச்சை மாற்றி, பெங்களூரில் மழையா என்று கேட்டுவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? காகிதத்தில் அது நடக்காது. சர்வே ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் நான். அளந்ததை எழுதித்தான் ஆகவேண்டும், அளவு நமக்குப் பிடிக்காவிட்டாலும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க நித்யா வீட்டுக்குப் போயிருந்தோம் அல்லவா, அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம்தான் என்னை எழுத வைத்தது. நித்யாவின் அம்மா இலை போட்டபோது உன் அம்மா எல்லாரும் உட்காரட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், எங்கம்மாவை முதலில் உட்கார வையுங்கள், லாக்டவுன்ல ஊசி போட்டுட்டு சாப்பிட மறந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போன ஆளு, நித்யா, இனிமே நீதான் அவங்களுக்கு அலாரம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னாய். ஆனால் நடந்தது அது இல்லை. உன் அம்மா அன்றைக்கு எதையும் மறக்கவில்லை. மருமகள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இந்த மறதிக்காரி பட்டத்தை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதை யார் தலையில் வைப்பது என்று கேட்டால், படித்து முடித்ததும் நீயே சொல்வாய்.

என் ரயில் பைத்தியத்தைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஊரில் பிறந்தவர்களும் வந்தவர்களும் மேற்கே மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் மொட்டை மாடியில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே தண்டவாளத்தைப் பார்த்து நிற்பவன். எதிர்வீட்டு ஹமீது பாய்கூடக் கிண்டல் செய்வார், நீங்க திரும்பி நின்னா உங்களுக்கு வர வேண்டிய வரம் எங்க வீட்டுப் பக்கம் வந்துடும் சார், அப்படியே நில்லுங்க என்று. வாலிபத்தில் ரயில்வேயில் கார்டு வேலைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதித் தோற்றேன். வேலை கிடைக்காவிட்டால் என்ன, வண்டியைப் பார்ப்பதற்கு யாரும் பரீட்சை வைக்கவில்லையே என்று நோட்டு போட ஆரம்பித்தேன். தேதி, நேரம், இன்ஜின் நம்பர், எத்தனை பெட்டி. நீ மூன்று வயதில் என் தோளில் உட்கார்ந்து ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எண்ணப் பழகினாய். பதினொன்றுக்குப் பிறகு உனக்கு எப்போதும் பதினாலுதான் வரும்.

இந்தப் பைத்தியத்துக்கு நம் வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நம் பாதை பல வருஷம் மூடிக் கிடந்து, அகலப்பாதையாகி, முதல் வண்டி வந்த அன்று உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நீ பிளஸ் டூ. வாத்தியார் அப்பாவைத்தான் வரச் சொல்லியிருந்தார். நான் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அம்மா தனியாகப் போய், நீ வேதியியலில் வாங்கிய மார்க்குக்கு வாங்கவேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், வண்டி நல்லா இருந்துச்சா என்று மட்டும் கேட்டாள். நான் அரை மணி நேரம் வண்டியைப் பற்றிப் பேசினேன். பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகு ஊரடங்கு வந்தது. நீ பெங்களூரில் அந்த ஒற்றை அறையில் அடைந்து கிடந்தாய். இங்கே கோயில் கதவு மூடியது. பௌர்ணமிக்குக் கால் வைக்க இடமில்லாத பாதையில் தடுப்புக் கட்டைகளைப் போட்டுவிட்டார்கள். அடி அண்ணாமலையில் இருக்கிற பிறந்த வீட்டுக்குக்கூட உன் அம்மாவால் போக முடியவில்லை. தீனி போடுவார் இல்லாமல் குரங்குகள் தெருவுக்கு இறங்கி வந்து வீடு வீடாக எட்டிப் பார்த்தன. ஊரே சாமியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு, சொன்னால் வெட்கம், காலை பாசஞ்சர் நின்றுபோனதுதான் துக்கம். அது ஊதிக்கொண்டு போனால் நான் கீழே இறங்கி வந்து சாப்பிடுவேன். வேலைக்குப் போன காலத்தில் ஆபீஸ் மணி என்னைச் சாப்பிட வைத்தது, ஓய்வுக்குப் பிறகு அந்த பாசஞ்சர். அதுவும் நின்றதும் எனக்கு நேரம் என்பதே இல்லாமல் போயிற்று.

கூட்ஸ் வண்டிகள் மட்டும் ஓடின. அவற்றுக்கு அட்டவணை கிடையாது. அரிசியோ உரமோ ஏற்றிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வரும், வராமலும் இருக்கும். அதனால் நான் விடிந்ததிலிருந்து மாடியிலேயே கிடந்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி, மடியில் நோட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். தூரத்தில் ஊதல் கேட்டால் போதும், தபால்காரரைப் பார்த்த புதுப்பெண் மாதிரி எழுந்து நிற்பேன். உன் அம்மா இரண்டு மூன்று தடவை கீழிருந்து கூப்பிட்டால் ஒரு தடவை இறங்கி வருவேன். வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவன் மாடியில் குடியிருந்தான் என்றால் அவளுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் கணக்குப் போடுகிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உன் அம்மா எனக்கு முன்னால் சாப்பிட மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி. நான் அப்படி இருக்கச் சொன்னதில்லை. அப்படி இருக்காதே என்றும் சொன்னதில்லை. நமக்குச் சௌகரியமாக இருக்கிற வழக்கத்தை நாம் எங்கே கேள்வி கேட்கிறோம்? சர்க்கரை வந்து ஊசி என்றான பிறகு டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன்தான். அவள் ஊசியை விடவில்லை, வழக்கத்தையும் விடவில்லை. நான் நேரத்துக்கு இறங்கி வந்தவரை இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அன்று காலை இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று கூப்பிட்டாள். "ஏங்க, ஊசி போட்டுட்டேன். சாப்ட வாங்க."

அந்த இரண்டு வார்த்தையை நான் தெளிவாகக் கேட்டேன் அருண், ஊசி போட்டுட்டேன் என்பதை. இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அதே நிமிஷத்தில் விழுப்புரம் பக்கமிருந்து ஊதல் கேட்டது. மூன்று நாளாக ஒரு வண்டியும் என் கண்ணில் படவில்லை. இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். ரெட்டை இன்ஜின், மூடிய வேகன்கள், மெதுவாக வந்தது. இருபத்திரண்டு எண்ணினேன். அதோடு நின்றுவிட்டது. சிக்னல் விழவில்லை போலிருக்கிறது. மீதி வண்டி அந்த அரிசி ஆலைச் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்றது. பாதி எண்ணி விட்டுவிட்டு வருவதா? ரயில் பார்க்கிறவன் செய்யவே கூடாத காரியம் அது என்று எனக்கு ஒரு நினைப்பு. கால் மணி ஆயிற்று. அவள் சமையலறையிலிருந்து மறுபடி கூப்பிட்டாள், இட்லி ஆறுது என்றாள். அஞ்சு நிமிஷம் என்றேன். அவள் சரி என்றாளா, பேசாமல் இருந்துவிட்டாளா என்று தெரியாது. என் காது சிக்னல் பக்கம் இருந்தது.

வண்டி நகர்ந்தபோது எட்டே முக்கால் தாண்டிவிட்டது. இருபத்து மூன்று, இருபத்து நாலு என்று பிடித்துக்கொண்டேன். முப்பத்தொன்றில் கீழே பாத்திரம் விழுகிற சத்தம். அதோடு வேறு ஒரு கனமான சத்தமும். பாத்திரம் மட்டும் விழுந்தால் அப்படிக் கேட்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் பொய் சொல்லலாம், நீயும் நம்புவாய். தெரிந்தது. கால்கூட ஒரு அடி படியின் பக்கம் திரும்பியது. ஆனால் வாய் முப்பத்திரண்டு என்றது. ஐம்பத்தெட்டு வரை எண்ணினேன். கடைசியில் கார்டு பெட்டி போனதும் நோட்டில் நேரத்தை எழுதினேன். இன்ஜின் நம்பரை எழுதினேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கினேன்.

அவள் அடுப்பு மேடைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். சட்னிக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கையைத் தொட்டால் குளித்துவிட்டு வந்த மாதிரி நனைந்து ஜில்லென்று இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலுக்கு ஓடினேன். கத்தினேனா என்றுகூடத் தெரியாது. அங்கே செல்வி நின்றிருந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. அந்த நாட்களில் வீடு வீடாக நெற்றியில் கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்து எழுதிக்கொண்டு போவார்களே, அந்த வேலைக்கு வந்த பெண். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து உட்கார்ந்து அம்மாவைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்பினாள்.

"சுகர் ஊசி போடறவங்களா? சாப்ட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "சக்கர எங்க சார் இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாதையில் ஓடிய எத்தனையோ இன்ஜின்களின் நம்பர் எனக்கு மனப்பாடம். என் வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைத் திறந்தேன், உப்பு. இன்னொன்று ரவை. அடுத்தது என்னவோ பருப்பு. செல்வி என்னைத் தள்ளிவிட்டு எழுந்து, மேல்தட்டில் மூலையில் இருந்த டப்பாவை ஒரே எட்டில் எடுத்தாள். சர்க்கரை வியாதிக்காரி வீட்டில் அது கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. விரலில் துளித் தண்ணீர் தொட்டுச் சர்க்கரையைக் குழைத்து, அம்மாவின் கன்னத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். வாயில் தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும் என்று என் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர்ச் செம்பை நான் எப்போது கையில் எடுத்தேன் என்றே தெரியாது.

ஆம்புலன்ஸ் எல்லாம் காய்ச்சல்காரர்களுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஹமீது பாய் அப்போது லோடு ஆட்டோவில் தெருத் தெருவாகக் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார், அதற்குப் பாஸ் இருந்தது. செல்வி கூப்பிட்டதும் தக்காளிக் கூடைகளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வெங்காய மூட்டையில் அம்மாவைச் சாய்த்து, செல்வி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் மறுபக்கம். பெரிய தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. ராஜகோபுரத்தைத் தாண்டும்போது உன் அம்மா கண்ணைத் திறந்து, அடுப்ப அணைச்சிட்டேனா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், ஹமீது பாயின் முதுகைப் பார்த்து அழுதேன். அந்தக் கூடைகளை மாலை வரை தெருவில் யாரும் தொடவில்லை. பாய் அன்று விட்ட வியாபாரத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றினார்கள். தெளிந்து உட்கார்ந்ததும் டாக்டரம்மா வந்து அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். ஊசி போட்டுட்டு ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தா உசுரு தங்குமாம்மா, படிச்சவங்கதானே, வீட்ல சாப்பாடு இல்லையா என்று கேட்டார். நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். உன் அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமாக இல்லை. ஒருத்தருக்குத் தர வேண்டியதைத் தரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு டாக்டரம்மாவிடம், "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாடியில் செய்தது முதல் தப்பு என்றால் இது அதைவிடப் பெரியது. மாடியில் செய்ததற்காவது, பைத்தியம் என்று ஒரு பெயர் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது நான் நல்ல நிதானத்தில் இருந்தேன். நாலாம் நாள் உனக்குச் சொன்னபோதும் அம்மா மறந்துட்டா என்றுதான் சொன்னேன். நீ போனில் அவளைத் திட்டித் தீர்த்தாய். வர வழியில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு பயந்த பிள்ளை திட்டத்தான் செய்வான். அவள் சரிப்பா, இனிமே மறக்க மாட்டேம்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து அதையும் கேட்டேன். அன்று முதல் தினமும் காலை எட்டரைக்கு, அம்மா சாப்ட்டியா என்று நீ கூப்பிடுகிறாய். 

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நோட்டுகளையெல்லாம் கட்டி அட்டைப் பெட்டியில் போட்டேன். இனிமேல் மாடி வேண்டாம் என்றேன். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "ரயிலு இன்னா பண்ணுச்சு பாவம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் ஊதல் கேட்டபோது அவளே நோட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி ஏறினாள். கண்ணாடி இல்லாமலே அவளுக்கு இன்ஜின் நம்பர் தெரிகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னைவிட வேகமாக எண்ணுவாள். நான் எங்கேயாவது தடுமாறினால், நாப்பத்தாறு, நாப்பத்தஞ்சு இல்ல என்று திருத்துவாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் என் வாழ்நாளின் நல்ல காலம் என்று சொன்னால் ஊர் அடிக்க வரும். எத்தனை வீட்டில் இழவு விழுந்த காலம் அது. ஆனாலும் உனக்குச் சொல்லலாம். நான் ரவைக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் படித்தேன். தோசை திருப்பப் படித்தேன், முதல் பத்து நாள் குரங்குகளுக்கு நல்ல வேட்டை. பௌர்ணமிக்குச் சுற்ற முடியவில்லையே என்று அவள் ஏங்கியபோது, சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருவரும் நடந்தோம். எத்தனை சுற்று போட்டால் ஒரு கிரிவலம் ஆகும் என்று நான் சர்வேயர் மூளையால் கணக்குப் போட, சாமிக்கு உங்க டேப்பு வேணாம், பேசாம நடங்க என்றாள்.

சாப்பாட்டு விஷயம்தான் பெரிய சண்டை. ஊசி போட்டதும் நீ முதலில் சாப்பிடு என்றால், ரெண்டு வாய் வைங்க, அப்புறம் நான் சாப்பிடறேன் என்பாள். ஒரு வாரம் போராடினேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம். அவள் ஊசி போடும்போதே நான் தட்டு இரண்டையும் எடுத்து வைத்துவிட வேண்டும். சேர்ந்து உட்கார வேண்டும். நான் ஒரு துண்டு இட்லியை அவசரமாக வாயில் போட்டுக்கொள்வேன், அவள் மனசுக்காக. உடனே அவள் ஆரம்பிக்க வேண்டும். இன்று காலை வரை அப்படித்தான் நடக்கிறது. நான் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து நீ ஒரு தடவை, அப்பாவுக்கு வயசாக ஆகப் பசி ஜாஸ்தி ஆகுது என்றாய் அல்லவா, காரணம் இதுதான்.

உனக்கு ரயில் பைத்தியம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் இன்னொன்றையும் பார்த்தேன். மடிக்கணினியை வைத்துக்கொண்டு நீ கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தபோது, புடவை நிறத்தைக் காட்ட நித்யா இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டாள். ஒரு நிமிஷம் என்று சொன்னாய், நிமிர்ந்து பார்க்காமல். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. வேலை முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. என் வண்டியும் எனக்கு முக்கியமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் நல்லவளாக இருக்கிறாள், பொறுத்துக்கொள்வாள். பொறுத்துக்கொள்கிறவர்களோடு வாழ்கிறவனுக்குத்தான் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். திட்டுகிறவள் கிடைத்திருந்தால் நான் முதல் தடவை கூப்பிட்டதுமே இறங்கி வந்திருப்பேன். கூப்பிட்டால் எழுந்து போ. பாதியில் விட்ட வேலையைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது, கிடைக்காமலும் போயிருக்கலாம். செல்வி நம் தெருவுக்கு வர அன்றைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அவளுக்குப் பத்திரிகை வைக்க நானே கீழ்பென்னாத்தூர் போகிறேன். கல்யாணத்தன்று ஹமீது பாயும் அவளும் முதல் பந்தியில் உட்கார வேண்டும், அவர்கள் இலைக்கு நீ நின்று பரிமாற வேண்டும்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று நேற்றுக் காலை சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் எழுதினால் அது இன்னொரு ஒளிவு மறைவாகிவிடும். கேட்டுக்கொண்டே இட்லியைப் பிட்டாள். பிறகு, இப்ப எதுக்கு, அவன் திட்டறதுக்காகவாவது தினமும் போன் பண்றான், அதக் கெடுத்துக்காதீங்க என்றாள். அதனால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். உண்மை தெரிந்துவிட்டது என்று எட்டரை மணி போனை நிறுத்திவிடாதே. திட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுத் திட்டு.

அவள் அப்படிச் சொல்லியும் நான் விடவில்லை. அவள் ஊசி போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள், நான்தான் வரவில்லை என்று அப்படியே எழுதிவிடப் போகிறேன் என்றேன். உன் அம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"ரெண்டு தடவை இல்ல. மூணு."

 மூன்றாவது எப்போது என்று கேட்டேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்ப, மேடையப் புடிச்சிக்கிட்டு என்றாள். எனக்குக் கேட்கவே இல்லையே, என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்றேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். இந்த வயதில் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பேரச் சொல்லித்தான் கூப்ட்டேன்."

உனக்குத் தெரியும், எனக்கு இந்த ஊர்ச் சாமியின் பெயர். கார்த்திகைத் தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே அந்தப் பெயரைச் சொல்லிக் கூவும். உன் அம்மா மட்டும் அரோகரா என்பதோடு நிறுத்திக்கொள்வாள், புருஷன் பெயராயிற்றே என்று. கல்யாணமான நாளிலிருந்து ஏங்க, இந்தாங்க, அருண் அப்பா என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். என் பெயர் அவள் குரலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அப்போது நான் எண்ணிக்கையில் முப்பதிலோ முப்பத்தொன்றிலோ இருந்திருக்கிறேன்.

இப்போது ஒரு தடவை சொல்லேன் என்று கேட்டேன். வேற வேல இல்ல உங்களுக்கு, சட்னி போட்டுக்குங்க என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அது போதும். அந்தப் பெயரை இனி ஒருநாளும் சொல்லவேண்டிய அவசியம் அவளுக்கு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா